தராசு சற்றே தாழட்டும்: நம் வீடுகளின் இலவசப் பாத்திரங்களும் ஒரு பழைய வணிக அறமும்

பரமத்தி வேலூரில் எங்கள் நன்னி வஃபாத்தாகிச் சில மாதங்கள் கழித்து, அவர் விட்டுச்சென்ற பொருள்களைப் பங்கிடுவதற்காக அவருடைய பிள்ளைகள் ஐவரும் ஒன்றுகூடினர். மகன் ஒருவர், அவர் எங்கள் மாமா. மகள்கள் நால்வர்: பெரியம்மா, என் தாயார், சின்னம்மாக்கள் இருவர். நன்னா பல ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார். மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்னும் மார்க்க விதிப்படி மொத்தம் ஆறு பங்குகள்.

வீட்டையும் நிலத்தையும் பிரிக்க அதிக நேரம் ஆகவில்லை. பித்தளை அண்டாவும் பிரியாணி தேக்சாக்களும்கூட விரைவில் முடிவாயின. பேச்சு தடைபட்டு நின்றது ஆறு சிறிய எவர்சில்வர் டம்ளர்களிடம். எடைக்குப் போட்டால் அவற்றின் விலை ஒருவேளை உணவுக்கும் போதாது. அவற்றை நன்னி காசு கொடுத்து வாங்கியதும் இல்லை. தேயிலைப் பொட்டலங்களின் மேலுறைகளைக் கத்தரித்துச் சேர்த்து, பத்து உறைக்கு ஒரு டம்ளர் என்ற கணக்கில், மளிகைக்கடையில் கொடுத்துப் பெற்றவை அவை. ஆயினும் அண்டாவை விட்டுக்கொடுத்தவர்கள் அந்த டம்ளரை விட்டுக்கொடுக்க முன்வரவில்லை.

"ஓசியில் வந்த பொருளுக்கும் பாகம் உண்டா?" என்று இளைய சின்னம்மா சிரித்துக்கொண்டே கேட்டார். அருகிருந்த பள்ளிவாசல் இமாம் சிரிக்கவில்லை. "எப்படி வந்தது என்பது வேறு. வந்தபின் அது அவருடைய உடைமை. அவர் விட்டுச்சென்றது ஒரு கரண்டியானாலும் வாரிசுகளுக்கு அதில் உரிமை உண்டு" என்றார்.

அந்தக் கேள்வியும் மறுமொழியும் என்னை விடவில்லை. விலையின்றி வந்த ஒரு டம்ளர், விலை கொடுத்து வாங்கிய அண்டாவைவிட ஏன் அன்புக்குரியதாகிறது? வாங்கும் பொருளோடு இன்னொன்றையும் சேர்த்துக் கொடுக்கும் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? அதில் எது நன்மை, எது சூது?

கொசுறு என்னும் மரபு

வேலூர் காவிரியின் வடகரையில் அமைந்த ஊர். சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூருக்குச் செல்லும் நெடுஞ்சாலை இவ்வூரைத் தொட்டே ஆற்றைக் கடக்கிறது. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகும்வரை இது சேலம் மாவட்டத்துக்கு உட்பட்டிருந்தது. வெற்றிலை, வாழை, கரும்பு ஆகிய மூன்றும் இப்பகுதியின் வாழ்வாதாரம். வாழைத்தாருக்கும் வெற்றிலைக்கும் இங்கே ஏலச் சந்தை உண்டு; வெல்லத்துக்குப் பிலிக்கல்பாளையத்தில் ஏலம் நடைபெறும். ஆகவே எடையும் எண்ணிக்கையும் இவ்வூர் மக்களின் அன்றாடப் பேச்சு.

பொதுவாக நூறு வெற்றிலை கொண்டது ஒரு கவுளி. வேலூர்ச் சந்தையிலோ 104 கவுளி கொண்டது ஒரு சுமை. நூறு என்னும் முழு எண்ணோடு நில்லாமல் மேலும் நான்கு. அந்தக் கணக்கைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொசுறு என்ற சொல்லே நினைவுக்கு வரும்.

காய்கறி வாங்கி முடித்தபின் கடைக்கார அம்மாள் பைக்குள் போடும் கறிவேப்பிலைக் கொத்து கொசுறு. முழம் போட்டு அளந்தபின் பூக்காரர் விட்டுக்கொடுக்கும் நான்கு விரற்கடைப் பூ கொசுறு. ஆழாக்கு நிரம்பியபின் பால்காரர் சாய்த்து ஊற்றும் ஒரு மடக்குப் பால் கொசுறு. இதற்கென எழுதாத விதிகள் உண்டு. முதலில் அளவு நிறைய வேண்டும். நிறைந்த அளவுக்கு மேல் வருவதே கொசுறு. அளவைக் குறைத்துவிட்டுக் கறிவேப்பிலையைத் தாராளமாகப் போடுபவரை நம் பெண்கள் அடுத்த வாரமே கண்டுகொண்டு கடை மாறிவிடுவார்கள். உரிமையோடு கேட்கலாம்; ஆனால் கொடுப்பவர் மனமுவந்து கொடுக்க வேண்டும்.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கடைக்காரர் வாடிக்கையாளருக்குச் சேர்த்துத் தரும் சிறு பொருளுக்கு ‘லான்யாப்’ என்று பெயர். இங்கிலாந்தின் ரொட்டிக் கடைகளில் பன்னிரண்டு கேட்டவருக்குப் பதின்மூன்று கொடுக்கும் வழக்கம் பழமொழியாகவே நிலைத்துவிட்டது. சந்தை உள்ள இடமெல்லாம் கொசுறும் இருந்திருக்கிறது.

ஜாபிர் (ரலி) பாதுகாத்த கூடுதல்

நம் மார்க்க வரலாற்றிலும் இதற்கு அழகிய சான்றுகள் உள்ளன. ஹஜர் என்னும் ஊரிலிருந்து துணி கொண்டுவந்து மக்காவில் விற்ற சுவைத் பின் கைஸ் (ரலி) அவர்களிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஓர் ஆடையை விலைபேசி வாங்கினார்கள். அருகில் கூலிக்கு எடைபோடும் ஒருவர் இருந்தார். அவரிடம், எடை போடும்போது தட்டு தாழும்படி போடுமாறு நபியவர்கள் கூறினார்கள். இச்செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இடம்பெற்றுள்ளது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தாழ்ந்தது விற்பவரின் தட்டு அன்று; வாங்குபவர் செலுத்திய விலையின் தட்டு. கொசுறு கொடுப்பது கடைக்காரரின் கடமை என்றே நாம் எண்ணுகிறோம். வாங்குபவரும் கொடுக்கலாம் என்று அந்நிகழ்ச்சி கற்பிக்கிறது.

மற்றொன்று இதனினும் நெஞ்சைத் தொடுவது. ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் களைத்துப்போன ஒட்டகத்தை, ஒரு பயணத்தின்போது நபியவர்கள் விலைக்குக் கேட்டார்கள். மதீனா சேர்ந்ததும் விலையை நிறுத்துக் கொடுக்குமாறு பிலால் (ரலி) அவர்களிடம் கூறியதோடு, சற்றுக் கூடுதலாகவும் கொடுக்கச் செய்தார்கள். பின்னர் ஒட்டகத்தையும் ஜாபிர் அவர்களிடமே திருப்பி அளித்துவிட்டார்கள். அந்தக் கூடுதல் ஒரு கீராத் என்னும் மிகச் சிறிய எடை. ஜாபிர் (ரலி) அதைச் செலவிடவில்லை. நபியவர்கள் தந்த கூடுதல் தம்மைவிட்டுப் பிரியக்கூடாது என்று ஒரு பையில் வைத்துப் பாதுகாத்தார்கள். ஹிஜ்ரி 63இல் நடந்த ஹர்ராப் போரின்போது சிரியாப் படையினர் அதை எடுத்துச் சென்றுவிட்டதாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

ஒட்டகத்தின் விலை செலவாகியிருக்கும். கொசுறாக வந்ததோ பல்லாண்டுகள் பையில் இருந்தது. நபித்தோழரின் அந்தக் கீராத்தோடு நம் வீட்டுத் தேயிலை டம்ளரை ஒப்பிடுதல் தகாது. எனினும் விலைக்கு வந்ததைவிட மனமுவந்து வந்ததை மனிதர் பேணிவைப்பதன் காரணத்தை அந்நிகழ்ச்சி நமக்கு விளக்குகிறது.

முத்திரை ஒட்டிய புத்தகங்கள்

கடைக்காரரின் கையிலிருந்த கொசுறு, நிறுவனங்களின் திட்டமாக மாறிய கதை மேலை நாடுகளில் தொடங்குகிறது. 1896இல் அமெரிக்காவில் ஸ்பெர்ரி, ஹட்சின்சன் என்னும் இருவர் பச்சை முத்திரைத் திட்டம் ஒன்றை ஏற்படுத்தினர். கடைக்காரர்கள் இந்நிறுவனத்திடமிருந்து அஞ்சல்தலை போன்ற சிறு முத்திரைகளை விலைக்கு வாங்குவர். தம்மிடம் பொருள் வாங்குவோருக்கு, பத்து சென்ட்டுக்கு ஒரு முத்திரை என்ற விகிதத்தில் வழங்குவர். இல்லத்தரசிகள் அவற்றை நாவால் நனைத்துப் புத்தகத்தில் ஒட்டுவர். 1,200 முத்திரைகள் சேர்ந்தால் ஒரு புத்தகம் நிறையும். நிறைந்த புத்தகங்களைக் கொடுத்து, விளக்கு, போர்வை, சமையல் பாத்திரம், ரொட்டி வாட்டும் கருவி என வேண்டியதைப் பெற்றுக்கொள்வர்.

பிரிட்டனில் ரிச்சர்ட் டாம்ப்கின்ஸ் என்பவர் 1958இல் ‘கிரீன் ஷீல்டு’ முத்திரைகளைத் தொடங்கினார். ஒரு தலைமுறையின் குடும்ப மாலைப்பொழுதுகள் முத்திரை ஒட்டுவதில் கழிந்தன. ஆனால் முத்திரைக்குக் கடைக்காரர் செலுத்திய பணம் எங்கிருந்து வந்தது? பொருளின் விலையிலிருந்துதான். விலைவாசி கடுமையாக ஏறிய 1970களில் மக்கள் இதை உணர்ந்தனர். 1977இல் ‘டெஸ்கோ’ என்னும் பெரிய கடைத்தொகுதி முத்திரைகளைக் கைவிட்டு, அதற்கு ஈடாக விலையைக் குறைத்தது, கூட்டம் அலைமோதியது. இலவசம் என்று எண்ணியதற்குத் தாமே விலை கொடுத்திருந்தனர் என்பது அப்போது வெளிச்சமாயிற்று.

எவர்சில்வர் புகுந்த காலம்

நம் வீடுகளில் முத்திரைப் புத்தகம் வந்ததில்லை. அதன் இடத்தில் வந்தவை மேலுறை, மூடி, காலிப் பொட்டலம்.

நன்னியின் இளமைக் காலத்தில் அடுக்களையை ஆண்டவை பித்தளையும் செம்பும் மண்ணும். பித்தளைக்கு அவ்வப்போது ஈயம் பூச வேண்டும். புளியிட்டுத் துலக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகு புழக்கத்துக்கு வந்தபோது அதற்கு எவர்சில்வர் என்று பெயர் வைத்த நம் மக்களின் வியப்பு அப்பெயரிலேயே இருக்கிறது. என்றென்றும் வெள்ளி! சேலத்தில் உருக்காலைக்கு 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1980களின் தொடக்கத்தில் அங்கே எவர்சில்வர்த் தகடுகள் உருவாகத் தொடங்கின. இப்பகுதி மக்களுக்கு அதன்பின் எவர்சில்வர் நம் ஊர்ப் பொருளாகவே ஆகிவிட்டது. எனினும் அன்று அது விலையுயர்ந்தது. நிக்காஹ் சீரில் எத்தனை எவர்சில்வர்ப் பாத்திரம் என்று எண்ணிச் சொல்லும் நிலை இருந்தது. ஆகவே தேயிலையோடு ஓர் எவர்சில்வர் டம்ளர் என்ற அறிவிப்பு ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு எத்தகைய செய்தியாக இருந்திருக்கும் என்பதை இன்று நாம் கற்பனை செய்துதான் அறிய வேண்டும்.

நன்னி அந்த உறைகளை டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு பழைய பெருநாள் அட்டைக்குள் வைத்திருப்பார். விருந்தினர் வந்து தேநீர் அதிகம் செலவாகும் நோன்பு மாதத்தில் உறைகள் விரைந்து சேரும். அக்கம்பக்கத்துப் பெண்கள், யாருக்கு ஓர் உறை குறைகிறதோ அவருக்குக் கைமாற்றாகக் கொடுப்பதும் உண்டு. ஆறு டம்ளர் சேர இரண்டு ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று என்று என் தாயார் கூறுவார். தராவீஹ் முடிந்து வரும் ஆண்களுக்கு அந்த ஆறு டம்ளர்களில் தேநீர் வைத்த முதல் இரவில், நன்னி ஒவ்வொருவரிடமும் "டம்ளர் எப்படி?" என்றுதான் கேட்டாராம், தேநீரைப் பற்றிக் கேட்கவில்லையாம்.

கடையில் வாங்கும் பாத்திரத்தில் பெயர் பொறித்துத் தருவார்கள். கொடுத்தவர் பெயர், தேதி, ஊர் எல்லாம் புள்ளிப் புள்ளியாக அதில் இருக்கும். இலவச டம்ளரில் அப்படி எதுவும் இல்லை. நன்னி ஒரு பாத்திரக் கடையில் கூலி கொடுத்து ஆறிலும் தம் பெயரின் முதலெழுத்தைப் பொறித்து வாங்கினார். அவர் அவற்றுக்காகச் செலவிட்ட ஒரே பணம் அதுதான்.

அக்காலத்துப் பிள்ளைகளுக்கும் தனிக் கணக்கு இருந்தது. ‘பினாகா’ பற்பசைப் பெட்டிக்குள் சிறிய பிளாஸ்டிக் விலங்கு பொம்மை ஒன்று இருக்கும். அதற்காகவே பற்பசையை விரைந்து தீர்த்த பிள்ளைகள் உண்டு. 1987 உலகக் கோப்பையை ஒட்டிய ஆண்டுகளில் ‘பிக் ஃபன்’ சூயிங்கத்தின் உறைக்குள் ஓட்டங்களும் விக்கெட்டுகளும் அச்சிட்ட அட்டைகள் வந்தன. அவற்றைச் சேர்த்துப் பரிசு பெறலாம். 1937இல் அறிமுகமான ‘டால்டா’வின் மஞ்சள் தகர டின், பரிசென்று யாரும் அறிவிக்காமலே பரிசாயிற்று. பிரியாணிக்கு நெய் தீர்ந்தபின் அது அரிசி அளக்கும் படியாகவும் குளியலறைக் குவளையாகவும் பல்லாண்டு உழைத்தது. பின்னாளில் சலவைத்தூளோடு வாளியும், சத்துமாவுப் பானத்தோடு கோப்பையும் வந்து சேர்ந்தன.

இவ்வகைத் திட்டங்களின் ஆற்றலைத் தமிழகத்து நிகழ்ச்சி ஒன்றே காட்டும். கடலூரைச் சேர்ந்த சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலீட்டில் ‘சிக்’ ஷாம்புத் தொழிலைத் தொடங்கினார். எந்த நிறுவனத்தின் ஷாம்புவாயினும் ஐந்து காலி உறைகளைக் கொண்டுவந்தால் ஒரு சிக் உறை இலவசம் என்று அறிவித்தார். மக்கள் பழகியபின், ஐந்தும் சிக் உறைகளாகவே இருக்க வேண்டும் என்று விதியை மாற்றினார். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சமாக உயர்ந்தது. குப்பையில் எறியும் காலி உறைக்கு மதிப்பு ஏற்றியதால் விளைந்தது அது.

கடைக்காரர் தந்தவை

நிறுவனம் தந்தது ஒருபுறம் இருக்க, கடைக்காரர் தாமே தந்தவையும் உண்டு. அவற்றுள் முதன்மையானது நாள்காட்டி. ஆடிப்பெருக்கு நாளில் சிவகாசி அச்சகங்கள் அடுத்த ஆண்டு நாள்காட்டிகளின் மாதிரித் தொகுப்பை வெளியிடுவது வழக்கம். ஊர்தோறும் வணிகர்கள் அதிலிருந்து தேர்ந்தெடுத்துத் தம் கடைப் பெயரை அச்சிட்டுக்கொள்வர். நம் வீடுகளுக்கென்று கஅபா, மதீனாப் பள்ளிவாசல், நாகூர் தர்கா ஆகியவற்றின் படங்கள் கொண்ட அட்டைகள் இருக்கும். ஹிஜ்ரி தேதியும் தொழுகை நேரமும் உள்ள நாள்காட்டிக்குத் தனிக் கிராக்கி. மாற்றுமதத்து மளிகைக்கடைக்காரர்கூட, "பாய் வீட்டுக்கு இது" என்று கஅபாப் படமிட்ட நாள்காட்டியை எடுத்துவைத்துக் கொடுப்பார். அவர் நம்மை நினைவில் வைத்துத் தேர்ந்தெடுத்தார் என்பதே அப்பரிசின் பெறுமதி. கிழித்த தாளின் பின்புறம் நன்னியின் பால் கணக்குக்கு ஆகும். அரபு எழுத்து அச்சான தாளை மட்டும் குப்பையில் போடாமல் தனிப் பையில் சேர்ப்பார்.

ஜவுளிக்கடையில் பெருநாள் துணி எடுத்தால் மஞ்சள் பை கிடைக்கும். கடைப் பெயர் வெளுத்துப்போகும்வரை அது சந்தைக்குப் போய் வரும். பின்னர் அடுக்களைத் துணியாகும். பிளாஸ்டிக் பை வந்தபின் மஞ்சள் பை பட்டிக்காட்டு அடையாளமாக இகழப்பட்டது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கை 2019இல் தடைசெய்த தமிழ்நாட்டு அரசு, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்னும் இயக்கத்தைத் தொடங்க நேர்ந்தது. கடைக்காரர் தந்த எளிய பரிசு ஒன்றின் பயனை உணர நமக்கு ஒரு தலைமுறை தேவைப்பட்டிருக்கிறது.

தெருவில் வந்த வணிகத்தையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய துணிக்குப் பாத்திரம் தருவோர் கூடையோடு வருவர். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தருவோர் மிதிவண்டியில் வருவர். இது கொசுறன்று, பண்டமாற்று. ஆயினும் காசில்லாத கையும் ஒன்றைப் பெற முடியும் என்னும் மகிழ்ச்சி இரண்டிலும் பொது. ஷஅபான் மாதம் வந்தால் வீட்டிலுள்ள துருப்பிடித்த ஆணியையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து, நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம் வாங்கியதாக என் தாயார் கூறுவார்.

குலுக்கல் என்னும் சறுக்கல்

இனி இந்த வரலாற்றின் இருண்ட பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எங்கள் பெரியம்மா திருமணமாகி வந்த புதிதில், வெளியூர்க்காரர் ஒருவர் அத்தெருவில் பாத்திரச் சீட்டு ஒன்றை நடத்தினார். மாதம் பத்து ரூபாய், இருபது மாதம். ஒவ்வொரு மாதமும் குலுக்கல் உண்டு. பெயர் விழுந்தவருக்கு முழுப் பாத்திரத் தொகுதி. அவர் அதன்பின் பணம் கட்ட வேண்டியதில்லை. கடைசிவரை விழாதவருக்கு முடிவில் பாத்திரம். நன்னா அப்போதே தடுத்தார். "ஒருத்திக்குக் குறைத்து வாங்கினால் இன்னொருத்தி கட்டிய பணத்தில்தானே அது வரும்? பெயர் விழுவது உழைப்பா, வணிகமா?" என்று கேட்டார். பெரியம்மா கேட்கவில்லை. முட்டை விற்ற காசைக் கட்டிவந்தார். முதல் சில மாதங்கள் குலுக்கல் ஒழுங்காக நடந்தது. அதனால் மேலும் பல பெண்கள் சேர்ந்தனர். பதினான்காம் மாதம் அவர் வரவில்லை. பிறகு எப்போதும் வரவில்லை. பெரியம்மா இதை நன்னாவிடம் சொல்லவே இல்லை. நன்னா மறைந்தபின்தான் நன்னிக்கே முழுக்கதையும் தெரியும்.

இத்தகைய ஏமாற்றுகள் நாடெங்கும் பெருகியதால்தான் 1978இல் பரிசுச் சீட்டுகளையும் பணச் சுழற்சித் திட்டங்களையும் தடைசெய்யும் சட்டத்தை நடுவண் அரசு இயற்றியது. 1984இல் ஏகபோக வணிகத் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது, பரிசு தருவதாக அறிவித்துவிட்டுத் தரும் எண்ணமின்றி இருப்பதும், விலைக்குள் அடக்கிவிட்ட ஒன்றை இலவசம் என்று காட்டுவதும், விற்பனையைப் பெருக்கக் குலுக்கல் நடத்துவதும் நேர்மையற்ற வணிகமுறைகள் என்று வரையறுக்கப்பட்டன. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வரையறையைத் தொடர்ந்து ஏற்றுள்ளன. டெஸ்கோவின் வாடிக்கையாளர்கள் 1977இல் உணர்ந்ததை நம் சட்டமும் சில ஆண்டுகளிலேயே சொல்லிவிட்டது.

மார்க்கம் இதற்கு நெடுங்காலம் முன்பே எல்லையை வகுத்துவிட்டது. அல்மாயிதா அத்தியாயத்தில் சூதாட்டம் விலக்கப்பட்டுள்ளது. அல்முதஃப்பிஃபீன் அத்தியாயம் அளவிலும் நிறுவையிலும் குறைப்போருக்குக் கடும் எச்சரிக்கை விடுக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வணிகப் பரிசுகளின் நிலை தெளிவாகும். 2003 ஜனவரியில் தோஹாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி பரிசுச் சீட்டுகளைப் பற்றி ஆராய்ந்தது. பரிசின் மதிப்போ அதில் ஒரு பகுதியோ பங்கேற்போரிடமிருந்து வரக்கூடாது. விளம்பரத்தில் ஏமாற்று இருக்கக்கூடாது. இவற்றுக்கு உட்பட்டு, ஒரு வணிகர் ஆகுமான பரிசுகளால் தம் பொருளைப் பிரபலப்படுத்துவதில் தடையில்லை என்பது அதன் முடிவின் சாரம். 1968இல் தொடங்கப்பட்ட தமிழ்நாட்டு அரசின் லாட்டரிச் சீட்டு உட்பட எல்லா லாட்டரிகளும் இம்மாநிலத்தில் தடைசெய்யப்பட்டதும் அதே 2003 ஜனவரியில்தான். இரண்டுக்கும் தொடர்பில்லை. எனினும் சீட்டால் சீரழிந்த குடும்பங்களைக் கண்ட நம் தலைமுறைக்கு அந்த ஒரே மாதம் நினைவில் நிற்கத்தக்கது.

நன்னியின் டம்ளரையும் பெரியம்மாவின் சீட்டையும் இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். வீட்டுக்குத் தேவையான தேயிலையை வழக்கமான விலைக்கு வாங்கி, பத்து உறை கொண்டுவந்த யாவருக்கும் தவறாமல் கிடைத்தது டம்ளர். பலர் கட்டிய பணத்தில் சிலருக்கு மட்டும் அதிர்ஷ்டத்தால் கிடைப்பதாக இருந்தது சீட்டு. இரண்டும் பாத்திரந்தான், இரண்டுக்கும் பெயர் பரிசுதான். வந்த வழி வேறு.

புள்ளிகளாக மாறிய பரிசு

இன்று பரிசு புள்ளிகளாகிவிட்டது. பேரங்காடியில் பணம் செலுத்துமுன் கைபேசி எண்ணைக் கேட்கிறார்கள். எத்தனை புள்ளி சேர்ந்தது, எப்போது காலாவதியாகும் என்று நமக்குத் தெரிவதில்லை. வளைகுடாவிலுள்ள நம் உறவினர்களுக்கோ குலுக்கல் கூப்பன் அன்றாடப் பழக்கம். 1996இல் தொடங்கிய துபாய் ஷாப்பிங் திருவிழாவில் கார்களே பரிசுகளாயின. இத்தகைய ஒவ்வொன்றும் ஆகுமா, ஆகாதா என்பதை அதன் விதிமுறைகளைக் கொண்டு ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவதே முறை.

ஆயினும் ஒன்றை நாமே உணரலாம். புள்ளிகளைச் சேர்க்கத் தேவையில்லாததையும் வாங்குகிறோம். அதனால் வருவது சேமிப்பன்று, வீண்விரயம். நன்னி டம்ளருக்காக ஒரு பொட்டலம் தேயிலைகூட அதிகம் வாங்கியதில்லை. அதனால்தான் இரண்டு ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று.

அக்காலம் எல்லாவற்றிலும் நன்றாக இருந்தது என்று சொல்ல நான் வரவில்லை. பெரியம்மாவை ஏமாற்றியதும் அக்காலந்தான். பிறர் வீட்டு எவர்சில்வரைப் பார்த்து ஏங்க வைத்த வறுமையும் அக்காலத்துக்கு உரியதே. ஆனால் அன்று பரிசுக்கு ஒரு முகம் இருந்தது. கொடுத்த கடைக்காரரை நமக்குத் தெரியும். அவருக்கு நம்மைத் தெரியும். பற்று நோட்டில் நம் பெயர் இருந்தது. கடனைத் தாமதமாகக் கொடுத்தபோதும் நாள்காட்டியைத் தவறாமல் தந்தார். நாம் ஏங்குவது டம்ளருக்காக மட்டுமன்று, அந்த உறவுக்காகவும்தான் என்று நான் நினைக்கிறேன்.

கடை நடத்தும் நம் சகோதரர்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. அளவை நிறைத்துக் கொடுங்கள். பின் ஒரு கொத்துக் கறிவேப்பிலையாவது சேர்த்துக் கொடுங்கள். வாங்குவோருக்கும் ஒன்று உண்டு. தள்ளுவண்டிக்காரரிடம் இரண்டு ரூபாய்க்கு வாதாடாமல், சில்லறையை அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள். விலையின் தட்டும் தாழலாம் என்பதை மறவாதீர்கள்.

ஆறு டம்ளர்கள்

பங்கீட்டுக்குத் திரும்புவோம். ஆறு பங்கு, ஆறு டம்ளர். கணக்கு தானாகவே அமைந்திருந்தது. மாமாவுக்கு இரண்டு, மகள்கள் நால்வருக்கும் ஒவ்வொன்று. இமாம் எடுத்து வைத்தார். யாருக்கும் மனக்குறை இல்லை.

எல்லாரும் எழுந்தபோது மாமா தம் இரண்டு டம்ளர்களில் ஒன்றை எடுத்துப் பெரியம்மாவின் பைக்குள் வைத்தார். பெரியம்மா திடுக்கிட்டு, "என் பங்கு வந்துவிட்டதே, இது எதற்கு?" என்றார்.

"பங்கு முடிந்துவிட்டது அக்கா. இது கொசுறு" என்றார் மாமா.

பத்து ரூபாய்ச் சீட்டைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. பெரியம்மா முந்தானையால் டம்ளரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் துடைப்பதற்கு எதுவும் இருக்கவில்லை.

நம் அளவுகளை நிறைவாக்கி, நம் வணிகத்திலும் உறவிலும் பரக்கத்தை அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.